ஓய்வு பெற்றபின் எதிலும் பிடிப்பில்லை, பொழுதை எப்படி நகர்த்துவது?

"காலையில் எழுந்து என்ன செய்ய என்றே தெரியவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சிங்கப்பூரில், செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து 63 வயதில் நின்றேன். முதல் ஆறு மாதம் காப்பிக்கடை, தொலைக்காட்சி, மதியத் தூக்கம். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடக்கும் உடற்பயிற்சிக்கும் போனேன். உடம்புக்கு நல்லது, இன்றும் போகிறேன். ஆனால் ஒன்பது மணிக்கு அது முடிந்தால் மீதி நாள் அப்படியே கிடக்கும்.

வீட்டுக்குச் சாயம் அடிக்க அலமாரியை நகர்த்தியபோது ஒரு படம் கிடைத்தது. ஒன்பது பேர், இடது ஓரத்தில் அப்பா. பின்பக்கம் பென்சிலில் 'கேன்பரா, 1963'. ஆஸ்திரேலியா அல்ல, செம்பவாங் பக்கத்துக் கேன்பரா. மற்ற எட்டுப் பேர் யார்? சொல்ல அம்மாவும் இல்லை.

அப்பா செம்பவாங்கிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அங்கே 1938இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் டாக்கில்தான் (கப்பல் பழுதுபார்க்கும் துறை) பின்னாளில் நானும் வேலை பார்த்தேன். ஆனாலும் அவர் காலத்துக் கதையை ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. அந்த உறுத்தல்தான் என்னை வீட்டைவிட்டு வெளியே கிளப்பியது.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போனேன். பழைய தமிழ் முரசு நாளிதழ்களை நூலகத்தின் இணையத்தளத்திலேயே படிக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போவதாக அறிவித்த 1968 ஜனவரியிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அப்பா பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் ஏன் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்பது 60 வயதுக்குமேல் புரிந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம்!

பிறகு படத்தை எடுத்துக்கொண்டு ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனேன். அந்தக் கோயிலைத் தொடங்கியவர்களே தளத்துத் தொழிலாளர்கள்தான். பங்குனி உத்திரத்தன்று, அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "தம்பி, இவன் என் மச்சான்!" என்றார். மேசையில் சிந்திய தண்ணீரில் விரலைத் தொட்டுக் கோடு இழுத்தார்: இது கேன்பரா ரோடு, இது தொழிலாளர்கள் இருந்த லைன் வீடு, இங்கே குழாயடி. நான் மனத்தில் பதித்துக்கொள்வதற்குள் காய்ந்துவிட்டது. இன்னொரு முறை வரையச் சொன்னேன், இந்த முறை நோட்டுப் புத்தகத்தில்.

அதனால் பெரிய 'வாழ்க்கை லட்சியம்' எதையும் தேடி அலையாதீர்கள். உங்கள் வீட்டிலேயே விடை தெரியாத கேள்வி ஒன்று நிச்சயம் கிடக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்தவர்கள் இருந்தால் சீக்கிரம் போய்ப் பாருங்கள். அந்தப் பெரியவருக்கு 88 வயது. நான் இரண்டு வருடம் முன்பே போயிருக்க வேண்டும்.

இதுவரை ஐந்து பேரின் பெயர் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை அவருடன் கேன்பரா ரோட்டில் நடக்கப்போகிறேன். குழாயடி இருந்த இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.