மைனஸ் ஆனதுக்கு காரணம் கான்சர்ட் இல்ல

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் ம்யூனிக்ல மூணு வருஷமா இருக்கோம். ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து கைக்கு 4,700 யூரோ வருது. இந்த மே, ஜூன்ல லீவு நாள் நிறைய வந்ததால ஸால்ஸ்பர்க், ஃபூஸன்னு ஒருநாள் ட்ரிப், ஒரு பெரிய ஸ்டேடியம் கான்சர்ட், டோல்வுட் திருவிழான்னு சுத்திட்டோம், மொத்தம் 1,150 ஆச்சு. இப்ப அக்கவுண்ட் 2,550 மைனஸ்ல இருக்கு. ஆட்டம் போட்டதுக்கு அனுபவிக்கிறோம்னு அவர் சொல்றார். அடுத்த சம்மர் எங்கயும் போக வேணாம்னு விட்டுடலாமா? ஃப்ரெண்ட் ஒருத்தர் என்ஆர்இ டெபாசிட்ல (வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்கள் ஊர் பேங்க்ல ரூபால போடறது) மாசம் கொஞ்சம் போடுங்க, டாக்ஸே கிடையாதுன்னு சொல்றார். அதையும் ஆரம்பிக்கலாமா? ஜனவரில இருந்து ஸ்டேட்மெண்ட் அனுப்பியிருக்கேன்.

பதில்: சிக்கனம், பட்ஜெட்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போறதில்ல, ஐஸ்க்ரீம் செலவு வரைக்கும் எழுதி வச்சிருக்கீங்க. ஆனா அந்த லிஸ்ட்ல ஒரு விஷயத்தை மட்டும் "குடும்பம்"னு ஒரே வார்த்தைல போட்டுட்டு தாண்டிட்டீங்க, நான் அங்கதான் நின்னேன்.

தோராயமா பாப்போம். வாடகை 1,750, வீட்டுச் செலவு 1,300, கரண்ட், இன்டர்நெட், இன்சூரன்ஸ், ரெண்டு டாய்ச்லாண்ட் டிக்கெட் (பஸ், ரீஜனல் ட்ரெய்னுக்கான மாச பாஸ், ஆளுக்கு 63) எல்லாம் சேர்த்து 350, உங்க மாமனார் மாமியாருக்கு 400. மொத்தம் 3,800. மாசம் 900 மிச்சம். ஆறு மாசத்துக்கு 5,400. அதுல சம்மருக்கு 1,150 போனாலும் 4,250 கையில நிக்கணும். ஜனவரில பூஜ்யத்துல ஆரம்பிச்சிருக்கீங்க, அப்ப இன்னிக்கு ப்ளஸ் 4,250 இருக்க வேண்டிய இடத்துல மைனஸ் 2,550 இருக்கு. நடுவுல காணாமப் போனது 6,800 யூரோ, நம்ம ஊர் பணத்துல சுமாரா ஏழு லட்சம். அத்தனையும் உங்க நாத்தனார் வீட்டு மாடி கட்ட போயிருக்கு. ஏப்ரல் வரைக்கும் 4,700, மே ஜூன்ல 2,100.

இந்த 2,100 போன தேதிகளை பாத்தீங்களா? மே 14 விண்ணேற்பு லீவுக்கு ஸால்ஸ்பர்க் போறீங்க, 16ஆம் தேதி 700 போகுது. பெந்தெகொஸ்தே லீவுல ஃபூஸன் பக்கத்துல நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை, 27ஆம் தேதி 500. ஜூன்ல கான்சர்ட், மூணாவது நாள் 900. நீங்களே லெட்டர்ல எழுதியிருக்கீங்க, ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்ட மறுநாள் ஃபோன் வரும், "நீங்க நல்லா சுத்துங்க, இங்க சென்ட்ரிங் போட்டு பாதில நிக்குது"ன்னு நாத்தனார் சொல்லுவாங்க, வீட்டுக்காரரால ஒண்ணும் பேச முடியாதுன்னு. சந்தோஷமா இருந்தோமேன்னு மனசு உறுத்துது, அந்த உறுத்தலை ஒரு ட்ரான்ஸ்ஃபர் போட்டு அடக்கிக்கிறார். இந்தப் பழக்கம்தான் உங்களை மைனஸ்ல வச்சிருக்கு. நீங்க அடுத்த வருஷம் சம்மர் முழுக்க வீட்லயே உக்காந்தாலும் வேற ஏதாவது காரணத்துக்கு இது நடக்கும்.

அக்காவுக்கு தம்பி செய்யறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், செய்யணும். ஆனா இல்லாத பணத்தை கடன் வாங்கி செய்யறார், அதுவும் டிஸ்போல, அதாவது அக்கவுண்ட்ல பணம் இல்லாமலே எடுக்க விடுற ஓவர்ட்ராஃப்ட்ல. உங்க பேங்க் கிட்டத்தட்ட 12 பர்சென்ட் போடுது, 2,550க்கு வருஷம் 300, மாசத்துக்கு 25 யூரோதான். மூணு மாசத்துக்கு ஒருதரம் மொத்தமா பிடிக்கிறதால கண்ணுலயே படாது, அதான் இதுல ஆபத்து. லிமிட்டையும் தாண்டிட்டா பல பேங்க்ல வட்டி இன்னும் ஏறும். இதுல கொடுமை என்னன்னா ஊர்ல வீடு கட்ட பேங்க்ல எட்டு ஒம்போது பர்சென்ட்டுக்கு ஹோம் லோன் கிடைக்குது. உங்க நாத்தனார் வீட்டுக்காரருக்கு சம்பளம் வருது, ஏற்கனவே லோனும் ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க, அந்த லோன் மேலயே கூடுதலா, டாப்-அப்னு கேட்டா குடுப்பாங்க. அவர் கம்மி வட்டிக்கு வாங்க வேண்டிய கடனை நீங்க இங்க அதிக வட்டிக்கு வாங்கி அவர் கையில குடுத்திட்டிருக்கீங்க.

அதனால இந்த வருஷம் முடியற வரைக்கும் மாடிக்கு ஒரு யூரோ கூட போகக்கூடாது. 900ல 150 வெளிய போக வச்சுக்குங்க, 750 கடனுக்கு, மூணரை மாசத்துல அடைஞ்சிடும். அடைஞ்ச அன்னிக்கே பேங்க்கிட்ட சொல்லி டிஸ்போ லிமிட்டை 500க்கு குறைச்சிடுங்க, திறந்தே இருந்தா திரும்ப அதுலதான் போய் நிப்பீங்க. அப்புறம் 3,000 சேர்ற வரைக்கும் டெபாசிட் எதுவும் வேணாம். ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லன்னு நைட்டோட நைட்டா கிளம்பினா ரெண்டு டிக்கெட்டுக்கே ரெண்டாயிரத்துக்கு மேல ஆகலாம், இன்னிக்கு அப்படி ஒரு ஃபோன் வந்தா உங்ககிட்ட என்ன இருக்கு சொல்லுங்க.

இப்ப அந்த ஃப்ரெண்டோட ஐடியா. என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு டாக்ஸ் இல்லங்கிறது இந்தியாவுல. நீங்க ஜெர்மனில குடியிருக்கிறவங்க, உலகத்துல எங்க வட்டி வந்தாலும் இங்க கணக்கு காட்டணும், ரெண்டு பேருக்கும் சேர்த்து 2,000 யூரோ சலுகைக்கு மேல போனா 25 பர்சென்ட் வரியும் அதுக்கு மேல சோலிங்கிற கூடுதல் வரியும் கட்டணும். இதையெல்லாம் யாரும் சொல்றதில்ல, "டாக்ஸ் ஃப்ரீ"ங்கிற வார்த்தைய மட்டும் பரப்பி விட்டுடறாங்க. 2023 தொடக்கத்துல ஒரு யூரோ 88 ரூபா மாதிரி இருந்துச்சு, 2025 முடியறப்ப நூறைத் தாண்டிடுச்சு, அப்ப ரூபால போட்டவங்களுக்கு யூரோ கணக்குல வட்டில பெரும்பங்கு அதுலயே கரைஞ்சிருக்கும். எல்லாத்துக்கும் மேல, 12 பர்சென்ட் கடனை வச்சுக்கிட்டு ஆறு ஏழு பர்சென்ட் டெபாசிட் எதுக்குங்க?

டாக்ஸ்ல மிச்சம் பிடிக்கணும்னா மாமனார் மாமியாருக்கு அனுப்புற 400ஐ பாருங்க. அவங்களுக்கு பெருசா வருமானம், சொத்து இல்லன்னா இந்தியாவுக்குன்னு இருக்கிற குறைஞ்ச வரம்பு வரைக்கும் இங்க கழிச்சுக்க வழி இருக்கு. அதுக்குன்னு ஃபார்ம் இருக்கு, 2025ல இருந்து பணம் பேங்க் ட்ரான்ஸ்ஃபர்ல போயிருக்கணும். அக்கா வீட்டுக்கு அனுப்பினது இதுல வராது.

ட்ரிப்பை நிறுத்தாதீங்க. கையில இருக்கிற டாய்ச்லாண்ட் டிக்கெட்லயே ரீஜனல் ட்ரெய்ன்ல ஸால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் போய் வரலாம், ஃபூஸனும் அப்படித்தான். டோல்வுட்ல உள்ள போக காசு இல்ல, பெரிய கூடாரத்துல நடக்கிற கச்சேரிக்கு மட்டும்தான் டிக்கெட். ஒலிம்பியா ஸ்டேடியம் பக்கத்துல இருக்கிற ஒலிம்பியா மலைல உக்காந்தா ஸ்டேடியத்துப் பாட்டு அப்படியே கேக்கும், 2024 ஜூலைல டெய்லர் ஸ்விஃப்ட் வந்தப்ப பல்லாயிரம் பேர் அங்க புல்லுல உக்காந்துதான் கேட்டாங்க. டிக்கெட் வாங்கறதுன்னா வருஷத்துக்கு ஒண்ணு, அந்த 150ல சேர்த்து வச்சு வாங்குங்க.

கடைசியா அந்த ஃபோன் கால். அதை உங்க வீட்டுக்காரர்தான் பண்ணணும், நீங்க பக்கத்துல கூட இருக்க வேணாம், மருமக வந்து தடுத்துட்டான்னு பேச்சு வந்துடும். அக்காகிட்டயும் அத்தான்கிட்டயும் சேர்த்தே பேசட்டும், "டிசம்பர் வரைக்கும் என்னால முடியாது, கடன்ல இருக்கேன், ஜனவரில இருந்து வருஷத்துக்கு 1,200 தரேன், மாசம் நூறா வந்துடும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க, அத்தான் பேங்க்ல டாப்-அப் கேளுங்க"ன்னு தொகையை வாய்விட்டு சொல்லணும். "பாக்கறேன்க்கா"ன்னு இழுத்தா அடுத்த மாசமும் 700 போகும். இந்த ஞாயித்துக்கிழமையே பேசச் சொல்லுங்க.