எகிப்தை விட்டால் பழைய ஆப்பிரிக்காவில் கணக்கு என்று ஏதாவது இருந்ததா?

இருந்தது, எகிப்துக்கு வெகு முன்பே. காங்கோவில், எட்வர்ட் ஏரிக்கரையோரம் உள்ள இஷாங்கோவில் 1950-இல் பெல்ஜிய ஆய்வாளர் ழான் டி ஹெய்ன்செலின் ஓர் எலும்பைத் தோண்டியெடுத்தார். சுமார் 10 செ.மீ. நீளம்தான்; நுனியில் ஒரு குவார்ட்ஸ் சில்லு. வயது ஏறத்தாழ 20,000 ஆண்டுகள்.

அதில் மூன்று வரிசையாகக் கீறல்கள். ஒன்றில் கூட்டம் கூட்டமாக 11, 13, 17, 19 கீறல்கள். இன்னொன்றில் 11, 21, 19, 9. தனித்தனியே கூட்டிப் பாருங்கள், இரண்டிலும் 60 வரும். மூன்றாவதில் 3-க்குப் பக்கத்தில் 6, 4-க்குப் பக்கத்தில் 8. இரட்டிப்புக் கணக்கு மாதிரி இருக்கிறது அல்லவா?

முதல் வரிசையில் இருப்பவை எல்லாம் பகா எண்கள், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுபவை. இதை வைத்து "பகா எண்கள் அப்போதே தெரியும்" என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வகுத்தல் தெரிந்தால்தானே பகா எண் என்ற பேச்சே எழும்! இந்தக் கீறல்கள் நிலவின் நாட்களை எண்ணிய குறிப்பு என்றார் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் மார்ஷாக். எலும்பு இப்போது பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.