கைனர்-ஃபலேஃபா மேல் பழி இல்லை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

2025 நவம்பர் 1 இரவு, பேஸ்போல் உலகத் தொடரில் நம் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸோடு ஆடிய ஏழாவது, கடைசி ஆட்டத்தை மார்க்கத்தில் அப்பாவோடு இருந்து பார்த்தேன். நள்ளிரவு தாண்டி, பதினோராவது இன்னிங்ஸில் நம் கர்க் அடித்த பந்து டபுள் பிளேயாகி (ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்) 5-4 என்று தோற்றதும் அப்பா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார். அதற்கு முன் ஒன்பதாவது இன்னிங்ஸில், ரன் எடுக்கத் தொடவேண்டிய ஹோமுக்கு முந்திய மூன்றாம் பேஸில் நின்ற நம் ஐசாயா கைனர்-ஃபலேஃபா ஹோம் பக்கமாக இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால் கிண்ணம் புளூ ஜேய்ஸுக்கு வந்திருக்கும். அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அது போதாதென்று ஜனவரியில் நம் ஆட்டக்காரர் போ பிஷெட் நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார். நம் பிள்ளை என்று கொண்டாடியவர் காசுக்காகப் போனது துரோகம் இல்லையா? இந்த வருடம் ஆட்டம் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். 1993இலிருந்து இந்த அணியைப் பின்தொடர்பவர் நீங்கள். என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், மார்க்கம்

அன்புள்ள தம்பி,

அன்றிரவுதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். மற்ற வருடங்களில் அது கூடுதல் நித்திரை. இந்த முறை அந்த ஒரு மணித்தியாலமும் எனக்கு விழிப்பிலேயே போனது. உங்கள் அப்பா எழும்பிப் போனதை வாசித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, கைனர்-ஃபலேஃபாவிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, 4-4. ஒருவர் அவுட், மூன்று பேஸிலும் ஆட்கள். பிஷெட்டுக்குப் பதிலாக ஓட வந்த இவர் மூன்றாம் பேஸில். நம் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை டொட்ஜர்ஸின் ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிந்தார். ஹோமில் நின்று பந்தைப் பிடிக்கும் கேச்சர் வில் ஸ்மித்தின் கால் அங்குள்ள பிளேட்டிலிருந்து ஒரு கணம் எழும்பித் திரும்பவும் படிந்தது. வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகும் கைனர்-ஃபலேஃபா அவுட்தான். பேஸை விட்டு அதிகம் நகர வேண்டாம், வேகமாக வரும் நேர் பந்தைப் பிடித்து டபுள் பிளே ஆக்கிவிடுவார்கள் என்று அணியினர் தனக்குச் சொல்லியிருந்ததாக அவரே பிறகு சொன்னார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதற்கு முதல் நாள் இரவை நினைத்துப் பாருங்கள். ஆறாவது ஆட்டம், 3-1 என்று நாங்கள் பின்னால், அதே ஒன்பதாவது இன்னிங்ஸ். நம் பார்ஜர் அடித்த பந்து மதில் மெத்தைக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. விதிப்படி இரண்டு பேஸ்தான். ஓடி வந்து ஹோமைத் தொட்டிருக்க வேண்டியவர் மூன்றாம் பேஸிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அப்புறம் நம் ஹிமெனஸ் அடித்த பந்தை டொட்ஜர்ஸின் கிகே ஹெர்னாண்டஸ் முன்னால் ஓடி வந்து பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய, முன்னே போயிருந்த பார்ஜர் அகப்பட்டார். ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதை நேரில் பார்த்த ஒருவர் அடுத்த நாள் இரவு மூன்றாம் பேஸில் நிற்கும்போது ஒட்டித்தானே நிற்பார்? முதல் நாள் அதிகம் தள்ளிப் போனதால் தோற்றோம், அடுத்த நாள் தள்ளிப் போகாததால் தோற்றோம். இதில் ஒரு மனிதனை மட்டும் எப்படிப் பிடித்து நிறுத்துவீர்கள்?

அடுத்த பந்தையும் விட முடியவில்லை. நம் கிளமென்ட், அந்த ஒக்டோபர் முழுவதும் 30 ஹிட் அடித்து சாதனை படைத்தவர், ஆழமாக அடித்தார். அப்போதுதான் களத்துக்கு மாற்றப்பட்டிருந்த டொட்ஜர்ஸின் ஆன்டி பஹேஸ் ஓடி வந்து, ஹெர்னாண்டஸ் மேலேயே மோதி அதைப் பிடித்தார். அதற்கு முன், கிண்ணத்துக்கு இரண்டே அவுட் தேவைப்பட்ட நேரத்தில், ஒன்பதாவது ஆளாக அடிக்க வந்த ரோஹாஸ் நம் பந்தெறிபவர் ஹொஃப்மனின் பந்தை மதிலுக்கு வெளியே அனுப்பி 4-4 ஆக்கினார். ஹொஃப்மன் யாரையும் சாட்டவில்லை. தோல்விக்குத் தானே காரணம் என்று சொன்னார். அதைக் கேட்டபோது அந்த மனிதனுக்காக எனக்கு நெஞ்சு வலித்தது. முதல் நாள் 96 பந்துகள் எறிந்துவிட்டு, மறுநாளே வந்து எட்டு அவுட் எடுத்த டொட்ஜர்ஸின் யமமோட்டோவை என்ன செய்வது? நாங்கள் பிழை விட்டதை மட்டும் எண்ணினால் அவருடைய ஆட்டத்துக்கு மரியாதை இல்லாமல் போய்விடும்.

1993ஐக் கேட்டிருந்தீர்கள். அக்டோபர் 23 அன்று நான் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பேஸ்போலில் ஒரு விதியும் தெரியாது. சமையல்காரர் வானொலியை உரக்க வைத்திருந்தார். ஜோ கார்ட்டர் அந்த ஹோம் ரன்னை அடித்து 8-6 என்று புளூ ஜேய்ஸ் தொடரை வென்றதும் அவர் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். கையெல்லாம் சவர்க்கார நுரை. இந்த ஊரில் அதுவரை யாரும் என்னை அப்படித் தொட்டதில்லை. அவ்வளவுதான், அந்த இரவிலிருந்து நான் இந்த அணியின் ஆள். பிறகுதான் விதிகளைப் படித்தேன்.

அதன் பிறகு 32 வருடம் உலகத் தொடரின் பக்கமே அணி போகவில்லை. 2024இல் 74 வெற்றி, பிரிவில் கடைசி இடம். 2025இல் 94 வெற்றி, முதலிடம். ஸ்காபரோவில் நான் மரக்கறி வாங்கும் கடையில் காசு வாங்கும் அம்மா, "இண்டைக்கு யெசாவேஜே எறியிறார்?" என்று என்னைக் கேட்டார். வருடத் தொடக்கத்தில் கீழ் மட்ட அணியில் இருந்த 22 வயதுப் பையன் யெசாவேஜ், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றுவது) செய்தான். அந்த மாதத்தைத் தோல்வியோடு சேர்த்து எறிந்துவிட எனக்கு மனமில்லை. நீங்களும் எறிய வேண்டாம்.

இந்தக் குளிர்காலத்தில் அணி சும்மா இருக்கவில்லை. பந்தெறிபவர் டிலன் சீஸுக்கு ஏழு வருடத்துக்கு 210 மில்லியன் டொலர். வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு இந்த அணி இவ்வளவு கொடுத்ததில்லை. ஸ்டிரைக் அவுட்டும், வோக்கும் (பந்தைத் தவறாக எறிந்து அடிப்பவருக்கு முதல் பேஸைச் சும்மா கொடுப்பது) இரண்டுமே கூடுதலாகக் கொடுப்பவர். இருந்தாலும் ஒக்டோபருக்கு அப்படி ஒரு கை வேண்டும். தரையைத் தொடுவதுபோலக் குனிந்து கீழிருந்து எறியும் டைலர் ரொஜர்ஸை மூன்று வருடத்துக்கு எடுத்தது எனக்கு அதைவிடப் பிடித்தது. ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு அதுதான் சரியான பதில். ஜப்பானின் யோமியூரி ஜயன்ட்ஸ் அணியிலிருந்து கசுமா ஒகமோட்டோ நான்கு வருடத்துக்கு வருகிறார். நன்றாக அடிக்கக்கூடிய கைல் டக்கர் வருவார் என்று நானும் நம்பியிருந்தேன். அவர் டொட்ஜர்ஸுக்கே போனது கசப்புத்தான்.

பிஷெட்டைப் போகவிட்டது பிழை என்றே நினைக்கிறேன். விளாடிமிர் குரேரோவுக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன் கொடுத்த அணி, அவரோடு சேர்ந்து வளர்ந்தவரையும் வைத்திருக்கலாம். ஆனால் "துரோகம்" என்ற உங்கள் சொல்லை ஏற்க மாட்டேன். 2016இல் ரொறன்ரோ அவரை டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்தது. தேர்ந்தெடுத்தது அணி, அவர் இல்லை. பெரிய லீக்கில் ஆறு வருடம் முடியும்வரை ஒரு வீரர் தான் விரும்பிய இடத்துக்குப் போக முடியாது. அந்த உரிமை அவருக்கு முதல் முறையாகக் கிடைத்தது இந்தக் குளிர்காலத்தில்தான். மூன்று வருடத்துக்கு 126 மில்லியனை ஒருவர் வேண்டாம் என்று சொல்லவேண்டும் என எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹோம் பிளேட்டில் மோதி அவருடைய இடது முழங்கால் போனது. ஏழு வாரம் கழித்து, நொண்டிக்கொண்டே, பெரிய லீக்கில் அதுவரை விளையாடியிராத இரண்டாம் பேஸில் நின்று உலகத் தொடரை ஆடினார். ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் ஓட்டானி எறிந்த பந்தை மைதானத்தின் நடுப்பக்கமாகத் தூக்கி அடித்து மூன்று ரன் எடுத்துத் தந்தார். பந்து போவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், ஞாபகம் இருக்கிறதா? அவருக்கு ஓட முடியாது என்பதால்தான் ஒன்பதாவது இன்னிங்ஸில் கைனர்-ஃபலேஃபா களத்துக்கு வந்தார். நீங்கள் கோபிக்கும் இரண்டு பேரும் அந்த முதல் பேஸில் ஒருவருக்கொருவர் இடம் மாறிக்கொண்டவர்கள்.

பிஷெட் ஒரு நாள் மெட்ஸ் சட்டையோடு ரொறன்ரோவுக்கு ஆட வருவார். அன்று நான் டிக்கட் எடுப்பேன். அவர் அடிக்க வரும்போது எழும்பி நின்று கை தட்டுவேன். உங்களுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து எடுக்கவா? அப்பாவைக் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்