மூடியில் வைத்த சோறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் திருநெல்வேலிக்காரன். ஒன்றரை ஆண்டாக நோர்வேயில், பெர்கன் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சிறிய விஷயம்தான், ஆனால் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே பகல் 11.30 மணிக்கே மதியச் சாப்பாடு. பதினைந்து பேர் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். ஆளுக்கு மூன்று நான்கு ரொட்டித் துண்டுகளைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். சாப்பிடுகிறார்கள், தாளை மடிக்கிறார்கள், எழுந்து போகிறார்கள். "கொஞ்சம் எடுத்துக்கொள்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி நான் பார்த்ததில்லை.

பொங்கலன்று என் மனைவி காலை ஐந்து மணிக்கு எழுந்து எலுமிச்சைச் சோறும் வடையும் எல்லாருக்குமாகச் செய்து கொடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவரிடம் டப்பா மூடியில் வைத்து நீட்டினேன். "வேண்டாம், நன்றி, என்னிடம் இருக்கிறது" என்று தன் ரொட்டியைக் காட்டினார். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாமவரிடம் நான் கேட்கவில்லை. வடையை மாலையில் வீட்டுக்கே எடுத்துவந்தேன். அன்றிலிருந்து என் இருக்கையிலேயே, கணினியைப் பார்த்தபடி சாப்பிட்டுவிடுகிறேன். சென்னையில் வேலை பார்த்தபோது பத்துப் பேருடைய டப்பாவும் என் டப்பாதான். இவர்களுக்கு மனம் சிறியதா, எனக்குத்தான் ஏதோ புரியவில்லையா?

செ., பெர்கன்

*

அன்புள்ள செ.,

வடை திரும்பி வந்தது என்று படித்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு அந்த மழையில் வீட்டுக்கு நடந்திருப்பீர்கள். ஆனாலும் உங்கள் கட்சியில் முழுதாக நிற்க என்னால் முடியவில்லை, தம்பி.

முதலில் ஒன்று. "என்னிடம் இருக்கிறது" என்றால் அந்த ஊரில் "என்னிடம் இருக்கிறது" என்பதுதான் பொருள். நம்மிடையே "வேண்டாம்" என்ற சொல்லுக்கு இன்னும் இரண்டு முறை வற்புறுத்து என்று அர்த்தம். மூன்றாவது முறை தட்டை நீட்டாதவன் கஞ்சன். அவர்களுக்கு அந்த விளையாட்டு தெரியாது. ஒரு முறை கேட்டீர்கள், ஒரு முறை பதில் சொன்னார். அவரைப் பொறுத்தவரை காரியம் அங்கே முடிந்துவிட்டது. நீங்கள் மனம் நொந்தது அவருக்குத் தெரிந்துகூட இருக்காது.

என் தங்கை மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக ஒஸ்லோவில் மூன்று மாதம் இருந்தேன். அந்த ரொட்டிப் பொட்டலத்துக்கு 'மாட்பக்கெ' என்று பெயர். சாப்பாட்டுப் பொட்டலம், அவ்வளவுதான். கறுத்த ரொட்டித் துண்டின் மேல் ஒரு சீவல் பாலாடைக்கட்டி, அல்லது ஈரல் விழுது, அல்லது பற்பசைபோலக் குழாயில் வரும் மீன்முட்டைப் பசை. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவில் வைப்பதற்கென்றே வெட்டிய தாள் கடையில் விற்கிறது. மிளகாய் இல்லை, புளி இல்லை, சூடு இல்லை. முதல் நாள் அதைப் பார்த்து, இந்த வீட்டில் யாருக்காவது துக்கமா என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அந்தச் சப்பென்ற பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. 1930களில் ஒஸ்லோ பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த சூடான சாப்பாட்டைவிட ரொட்டி, பால், பாலாடைக்கட்டி, பச்சைக் கேரட், ஒரு பழத்துண்டு, மீன் எண்ணெய் ஆகியவையே உடம்புக்கு நல்லது என்று கார்ல் ஷியட்ஸ் என்ற மருத்துவர் வாதாடி அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தார். 'ஒஸ்லோ காலையுணவு' என்று அதற்குப் பெயர். பின்னாளில் பள்ளி கொடுப்பது நின்றுபோய், அதே ரொட்டியை வீடு பொட்டலமாகக் கட்டித் தர ஆரம்பித்தது. அப்படி வளர்ந்த பிள்ளைகள்தான் உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசமாகச் சூடான சாப்பாடு போடும் ஃபின்லாந்து பக்கத்திலேயே இருக்கிறது. சத்துணவு தெரிந்த நமக்கு ஃபின்லாந்துக்காரர் சொந்தக்காரர் போலத் தோன்றுவார், நோர்வேக்காரர் புதிராகத் தோன்றுவார்.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் இடைவேளை விட வேண்டும், எட்டு மணி நேர வேலைநாளில் மொத்தம் அரைமணிக்குக் குறையக்கூடாது என்பது அங்கே சட்டம். வெளியே போகச் சுதந்திரம் இருந்தால் அந்த அரைமணிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரைமணி ஓய்வு என்றுதான் எழுதியது. அதே அரைமணிதான்! நாம் அதை நீட்டுவோம். அவர்கள் அதைச் சுருக்கிக்கொண்டு நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே 'மிட்டாக்' என்ற சொல்லுக்கு நடுப்பகல் என்று பொருள். ஆனால் அந்தப் பெயருள்ள சாப்பாட்டைச் சாப்பிடுவது மாலை நாலரை ஐந்துக்கு, வீட்டில், சூடாக, பிள்ளைகளோடு. நீங்கள் பார்ப்பது அவர்களுடைய சாப்பாடே இல்லை, தம்பி. அது வழியில் போடும் பெட்ரோல்.

ஒஸ்லோவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் பழக்கமானார். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். வடகோடியில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்கில் நின்றவர். முதல் மூன்று மாதம் சோறும் கறியும் கட்டிக்கொண்டு போனாராம். "பிறகு பாண்தான். இரவே கட்டி வைத்துவிடுவேன், விடியப் படுத்திருக்கலாம். சோறு பின்னேரம் வீட்டில் இருக்கிறதுதானே" என்றார். அவர் அதில் எதையோ இழந்ததாகச் சொல்லவே இல்லை. விடியப் படுத்திருக்கலாம் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் இருபத்தாறு வருடம் நான் விடியப் படுத்திருக்கவில்லை. நாலே முக்காலுக்கு எழுந்து மூன்று டப்பா கட்டினேன். என் கணவர் அலுவலகத்தில் தாராளமானவர் என்று பெயர் வாங்கியவர். அவர் டப்பாவில் எப்போதும் இரண்டு பேருக்குக் காணும். அந்தத் தாராளத்துக்கு மாவரைத்தவள் நான். உங்கள் சென்னை நண்பர்களின் பத்து டப்பாக்களில் எத்தனையை நண்பர்களே கட்டினார்கள்? ஒஸ்லோவில் தங்கை மகளின் கணவர் இரவு ஒன்பது மணிக்குத் தனக்கும் மூத்த பிள்ளைக்கும் ரொட்டி அடுக்கித் தாளில் மடிப்பார். ஐந்து நிமிடம். அவ்வளவு சப்பென்று இருப்பதால்தான் யார் வேண்டுமானாலும் செய்யலாம், கைமணம் தேவையில்லை. கைமணம் இல்லாத பண்டத்தை யாருக்கு எதற்காக நீட்டுவது? பக்கத்தில் இருப்பவரிடமும் அதேதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் பெண்கள் ஏழு பேர். பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் செய்தித்தாள் விரித்து வட்டமாக உட்காருவோம். எச்சில் படாத முதல் கரண்டி மூடிக்கு. மூடிதான் தட்டு, அது கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். ஒருத்தி சொதி, ஒருத்தி கத்தரிக்காய்க் கொத்சு, ஒருத்தி நெத்திலிக் குழம்பு. எட்டாவதாக ஒரு பெண் மாற்றலாகி வந்தாள். அவள் வைக்கும் மீன் குழம்பின் வாசனை மாடிப்படி வரை வரும். ஆனால் அவள் மூடி சுற்றி வரும்போது மட்டும் ஒருத்திக்கு வயிறு சரியில்லை, ஒருத்திக்கு விரதம். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. "இன்று வெள்ளிக்கிழமை, நான் மீன் தொடுவதில்லை" என்றேன் நான். அன்று வியாழன்.

இரண்டே மாதத்தில் அவள் தன் மேசையிலேயே சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். "என் இருக்கையிலேயே" என்று நீங்கள் எழுதிய வரியில் எனக்கு அவள் முகம்தான் வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எங்கள் வட்டத்தில் அவள் மூடி மட்டும் நின்றது. உங்கள் மேசையில் யார் மூடியும் சுற்றவில்லை; அங்கே மேலாளர் முதல் நேற்றுச் சேர்ந்தவர் வரை அதே ரொட்டி, அதே தாள். 2014இல் சென்னையில் ஒரு பெரிய ஆங்கில நாளிதழின் அலுவலக உணவகத்துக்குள் அசைவம் கொண்டுவரக் கூடாது என்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை போனது நினைவிருக்கிறதா? நம் ஊரில் டப்பாவைத் திறந்தால் சோற்றோடு ஊரும் தெருவும் சேர்ந்து திறக்கும். பத்து டப்பாவும் உங்கள் டப்பாவாக இருந்தது உண்மையென்றே வைத்துக்கொள்கிறேன். பதினொன்றாவது ஆள் ஒருவர் தனியாகச் சாப்பிட்டாரா என்று யோசித்துப் பாருங்கள்.

நம் கொடுக்கல் வாங்கலில் கணக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டோம், நாலு சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்தச் சீனி என்ன? கடன் தீர்ப்பதுதான். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் அந்தக் கணக்கைத் திறக்கவே பயந்திருக்கலாம்: வடையை வாங்கினால் நாளைக்கு எதைத் திருப்புவது, ஈரல் விழுதையா? (அதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்று எனக்கு வயதான பிறகு தோன்றுகிறது. அந்த ஊரில் மூன்று மாதத்துக்கு மேல் அந்த நிம்மதியைத் தாங்க எனக்கு முடியவில்லை என்பது வேறு விஷயம்.)

அவர்கள் பகிர்வதே இல்லை என்பதும் சரியல்ல. பிறந்தநாள் வந்தால் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவருவார். பல அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை பூ வடிவ அச்சில் வாஃபிள் சுடுவார்கள். முறைவைத்து ஆள் மாறும். அங்கே பண்டம் பொது மேசைக்குப் போகும், ஒருவர் முகத்துக்கு நேராக நீளாது. வேண்டுமென்பவர் எடுப்பார், வேண்டாதவர் வேண்டாம் என்று சொல்லும் சங்கடம் இல்லை. அடுத்த முறை வடையை அங்கே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சீட்டில் 'மிளகாய் உண்டு' என்று எழுதி வைத்து, நகர்ந்துவிடுங்கள். எத்தனை மிஞ்சியது என்று எனக்கு எழுதுங்கள். அந்த வடையை நீங்களே சுட்டதாகவும் எழுதினால் மகிழ்வேன்.

தினமும் மேசைக்குப் போங்கள். கணினி முன்னால் சாப்பிடுவதை அங்கே யாரும் ரோஷம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; உங்களுக்கு வேலை அதிகம் என்றுதான் நினைப்பார்கள். சோறே கொண்டுபோனாலும் சரி, ஒரு நாளாவது ரொட்டியில் அவர்களுடைய பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துக் கொண்டுபோய்ப் பாருங்கள். பால் திரிந்த தண்ணீரைப் பாலேடு சேர்த்துச் சுண்டக் காய்ச்சுவது அது. திரட்டுப்பாலில் உப்புப் போட்டதுபோல் இருக்கும். 2013 ஜனவரியில் வடக்கே ஒரு சுரங்கப்பாதையில் 27 டன் பழுப்புக் கட்டி ஏற்றிய லாரி தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்ததாம், அவ்வளவு கொழுப்பும் சர்க்கரையும். எனக்கு மூன்றாவது வாரம்தான் பிடித்தது. அதைக் கத்தியால் வெட்டக் கூடாது, சீவுவதற்கென்றே 1925இல் அந்த நாட்டுத் தச்சர் ஒருவர் கண்டுபிடித்த கரண்டி இருக்கிறது. அழுத்தம் கூடினால் கட்டியாக வரும், குறைந்தால் கிழியும். எப்படிப் பிடிப்பது என்று "என்னிடம் இருக்கிறது" என்றாரே, அவரிடமே கேளுங்கள்.