எழுதும் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப…

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அழகாகக் கதை எழுதுகிறாள். நான் என்ன செய்யலாம்?
– வாசகி, பழனி

பதில்: தயங்காமல் அவள் பெற்றோரிடம் போய்ப் பேசுங்கள். வங்காளத்தில் எழுத்தாளர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் அதைத்தான் செய்தார். அவரே, வீடு தூங்கிய பிறகு அண்ணனிடம் ஆங்கிலம் கற்றவர். பெண்கள் ஆளும் நாட்டைப் பற்றி அவர் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை 1905இல் அச்சானது எங்கே தெரியுமா? நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில்! எனக்கு அதில் தனிப் பெருமை. கணவர் இறந்த பின், 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினார். பர்தா முறைக்காகத் திரை போட்ட வண்டியில் பிள்ளைகளை வரவழைத்தார். சரி, அந்தப் பெண்ணின் கதை ஒன்றை எங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.