நட்டு எட்டு மாதமாகியும் ஆடும் பூமருது

கேள்வி: பக்கத்து மரப்பண்ணையில் ஆளுயரம் வளர்ந்த அழகு மரக்கன்றுகளை வாங்கி, எட்டு மாதங்களுக்கு முன் தோட்டத்து ஓரமாக நட்டேன். சரக்கொன்றை இரண்டு, பூமருது இரண்டு, மகிழம் ஒன்று. பூமருதுகளில் இலை ஓரம் கருகுகிறது. அதில் ஒன்றைப் பிடித்து அசைத்தால் அடியோடு ஆடுகிறது. சரக்கொன்றை ஒன்று இலையே இல்லாமல் நிற்கிறது. மகிழம் பச்சையாக இருந்தாலும் ஒரு சாண்கூட வளரவில்லை. தினமும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். போன மாதம் ஆளுக்கு இரண்டு கை யூரியாவும் வைத்தேன். என்ன செய்யலாம்?

பதில்: மகிழத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அது நிதானமாக வளரும் மரம். இலை பச்சையாக இருக்கும்வரை கவலை இல்லை.

மொட்டையான சரக்கொன்றையின் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வறட்சியான பருவத்தில் சரக்கொன்றை இலை உதிர்ப்பது இயல்புதான். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுக்களும் அதன் இலையை விரும்பித் தின்னும். சில நாட்களில் மரத்தையே மொட்டையாக்கிவிடும், அப்புறம் தானாகத் துளிர்க்கும். அதற்காக மருந்தடிக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது ஆடுகிற பூமருதைத்தான். எட்டு மாதத்தில் வேர் பக்கத்து மண்ணுக்குள் ஓடியிருந்தால், நீங்கள் அசைக்கும்போது தண்டு வளையுமே தவிர அடி ஆடாது. அடியே ஆடுகிறது என்றால் வேர் இன்னும் பழைய தாய்மண்ணுக்குள்ளேயே, அதாவது பையோடு வந்த மண்கட்டிக்குள்ளேயே, சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பையில் ஆளுயரம் வரும்வரை இருந்த கன்றுகளில் இது அடிக்கடி நடக்கும். பையின் சுவரில் முட்டிய வேர் வளைந்து, கயிற்றுச் சுருள்போல் சுற்றிவிடும். பையைக் கிழித்து அப்படியே குழியில் வைத்தாலும் அந்தச் சுருள் தானாகப் பிரியாது. நாளாக ஆகத் தடித்து, அடித்தண்டையே நெரிக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். தண்டு கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்குகிறதா, யானைக்கால்போல் அடியில் விரிந்து இறங்குகிறதா? நேராக இறங்கினால் ஆழமாக நட்டிருக்கிறீர்கள், அல்லது பண்ணையில் பை மாற்றும்போதே மேலே மண் ஏறியிருக்கும். நான்கூட ஒரு காலத்தில் குழியின் அடியில் எருவைக் கொட்டி, அதன்மேல் கன்றை வைத்தவன்தான். எரு மக்கி அமுங்க, கன்றும் கூடவே இறங்கித் தண்டு புதைந்துபோனது.

சரி, ஆடும் மரத்தை ஒரு குளிர்ந்த மாலையில் சுற்றிலும் தோண்டி, தாய்மண் உடையாமல் எடுங்கள். சுற்றிய வேர் தெரிந்தால் கூர்மையான கத்தியால் பக்கவாட்டில் நாலு இடங்களில், மேலிருந்து கீழாக 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறுங்கள். அடியில் வட்டமாகக் கிடப்பதை வெட்டி நீக்குங்கள். பயம் வேண்டாம், வெட்டிய இடத்திலிருந்து புது வேர் வெளிப்பக்கமாகக் கிளம்பும். குழி தாய்மண்ணைப்போல் இரண்டு மடங்கு அகலமாக இருக்கட்டும், ஆழம் மட்டும் தாய்மண்ணின் உயரத்தைத் தாண்டக் கூடாது. முதல் வேர் கிளம்பும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு மூடினால் போதும். இரண்டு பக்கமும் குச்சி ஊன்றி, தண்டு கொஞ்சம் அசையும்படி அகலமான துணியால் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு வருடத்தில் கட்டை அவிழ்த்துவிட மறக்காதீர்கள். மறந்த கயிறு பட்டைக்குள் புதைந்த மரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆடாத பூமருதைத் தோண்ட வேண்டாம். தண்டைச் சுற்றி ஏறியிருக்கும் மண்ணை மட்டும் விலக்கிவிடுங்கள்.

யூரியாவை உடனே நிறுத்துங்கள். வேர் பிடிக்காத கன்றுக்கு அது இலை ஓரக் கருகலைத்தான் கூட்டும். இலை ஓரம் கருகியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வைத்த இடத்தில் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டால் உப்பு கீழே இறங்கிவிடும்.

தினமும் ஒரு குடம் என்ற கணக்கையும் மாற்றலாம். தண்டின் அடியில் ஊற்றும் கொஞ்சத் தண்ணீர், வேரை அங்கேயே உட்கார்த்தி வைக்கும். தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி, நின்று ஊறும்படி நிறைய விடுங்கள். விரல் நீளத்துக்குத் தோண்டிப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று விட வேண்டாம். திருப்பி நட்ட மரத்துக்கு மட்டும் முதல் சில வாரங்கள் தாய்மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்தியில் காய்ந்த இலைகளை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடலாம், தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள். இந்த வருடம் கவாத்து வேண்டாம். காய்ந்த, முறிந்த கிளையை எடுத்தால் போதும்.

இன்னும் கன்று வாங்கும் எண்ணம் இருந்தால், ஆளுயரத்தைத் தேடாதீர்கள். இடுப்பளவு கன்று சீக்கிரம் வேர் பிடித்து, சில வருடங்களில் பெரிய கன்றை எட்டிப் பிடிக்கும். வாங்குமுன் பையை உருவிக் காட்டச் சொல்லி, வேர் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.