நேரம் கிடைத்தும் மனம் எழவில்லையா?

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று நம்பி நடை, நாட்குறிப்பு, யோகாசனம் என்று தொடங்கியும் எதுவும் நிலைக்கவில்லை, 'சோம்பேறி ஆகிவிட்டேன்' என்று கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்த 21 நாள் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். தன் நோயாளிகள் புதிய முகத்தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதினார். அது வாய்க்கு வாய் மாறி, "ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து" என்று இணையத்தில் உங்களை மிரட்டும் சட்டமாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க இரவில் இரண்டு முறை எழுகிறீர்கள். அதற்குப் பிறகு ஐந்து மணி யோகாசனம் யாருக்கு முடியும்? இதில் மன உறுதி எங்கே குறைந்தது? 'மன அழுத்தம் மூளையைச் சுருக்கிவிடும்' என்ற வீடியோவையும் இனிப் பார்க்காதீர்கள்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதமாக, தம்பி வந்து ஞாயிறு முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்போதும் எதுவும் செய்யப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னை நிறுத்திய வரி அதுதான். நேரமில்லாமல் நடக்கப் போகாதது வேறு. நேரம் கிடைத்தும், முன்பு ஆசையாகச் செய்த எதிலுமே நாட்டம் வராதது வேறு. அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 'சோம்பேறி ஆகிவிட்டேன்' என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது சிகிச்சையால் சரியாகக்கூடிய ஒரு நோயாக இருக்கலாம். உறுதிமொழி எடுத்து அதைத் துரத்த முடியாது.

இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். தூக்கம், பசி, குற்ற உணர்வு பற்றிக் கேட்பார், மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டும் ரத்தசோகையும் இதேபோல் ஆளை முடக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் வாரக் கணக்கு வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும். அதுவரை தனியாக இருக்காதீர்கள்.

தோழி கொடுத்த தூக்க மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நான்கு நாள்தான் போட்டிருக்கிறீர்கள், நிறுத்துவதில் சிக்கல் இராது. அரைத் தூக்கத்தில் அப்பாவைத் தூக்கப் போய் இருவரும் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் மறந்துவிட்டு மறுநாள் இரண்டாகப் போடுவதும் தவறு. அன்றைக்கே நினைவு வந்தால் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். நீங்களும் அப்பாவைப் போல் படுத்துவிடுவீர்களோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்துக்கு நான் சொல்லும் மருந்து, நாள் தவறாமல் போடும் இந்த ஒரு மாத்திரை. அப்பாவின் காலை மருந்து டப்பாவுக்குள்ளேயே உங்களுடையதையும் தனி உறையில், பெயர் எழுதி வையுங்கள். அவருக்குக் கொடுத்த கையோடு நீங்களும் போட்டுக்கொள்ளலாம். இப்போதைக்கு நீங்கள் காப்பாற்ற வேண்டிய பழக்கம் இது ஒன்றுதான். நடை, நாட்குறிப்பு, யோகாசனம் எல்லாம் பிறகு வரட்டும். வாசல் வரை போய்ப் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நிற்க முடிந்தால் நல்லது, முடியாத நாளில் வேண்டாம்.

மருத்துவரிடம் தம்பியையும் அழைத்துப் போங்கள். வாரத்தில் சில இரவுகளையாவது அவர் ஏற்றுக்கொண்டால்தான் நீங்கள் தொடர்ந்து தூங்க முடியும். நீங்கள் சொல்லத் தயங்கும் இதை அவர் மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும்.